தெரு சாரணர் குழுவுக்கு ஆண்டு மலர்: வழக்கங்களைப் பற்றி என்ன எழுதலாம்?

முனைவீடு கேட்டது:
எங்களுடையது பள்ளிக்கூடத்தோடு சேராத ஓபன் குரூப். ஏரியாப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் மைதானத்தில் கூடுவார்கள், அவ்வளவுதான். இந்த வருடம் ஒரு சின்ன மலர் போடலாம் என்று முடிவாகி, வரலாறும் வழக்கங்களும் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. யாரிடம் கேட்டாலும் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1907, பிரௌன்சி தீவில் முதல் முகாம் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். குருளையர், அதாவது சாரணரில் சின்னப் பிள்ளைகள், கேட்பதெல்லாம் வேறு: ஏன் இடது கையால் கை குலுக்குகிறோம், இந்த வெயிலில் கழுத்தில் ஸ்கார்ஃப் எதற்கு, பிரவேஷ், சோபான் என்று நம் தேர்ச்சி நிலைகளுக்கெல்லாம் ஏன் இந்திப் பெயர்? இது போதாதென்று ஒரு அம்மா, "ஸ்கூல்லயே சாரணர் இருக்கே, தெருவுல எதுக்கு?" என்று கேட்டார். என்ன சொல்வது?

பழையகாக்கி:
அந்த அம்மாவுக்குச் சொல்கிற பதிலையே மலரில் முதலில் போடுங்கள். தெருக்குழுதான் மூத்தது. 1908ல் பேடன் பவலின் கையேடு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாக வந்தபோது, அதை வாங்கிப் படித்த இங்கிலாந்துப் பையன்கள் யாரையும் கேட்காமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அணி அமைத்துக்கொண்டு, அப்புறம்தான் தங்களுக்கு ஒரு பெரியவரைத் தேடினார்கள். பதிவு, சான்றிதழ் எல்லாம் பின்னால் வந்த சமாச்சாரம். 1909ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த கூட்டத்துக்குப் பெண் பிள்ளைகளும் தாங்களாகவே சீருடை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள், அடுத்த வருடமே சாரணியர் இயக்கம் வந்தது.

நம் ஊர்க் கதையைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள். 1909ல் பெங்களூரில் தொடங்கிய முதல் படை வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குத்தான், நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால்தான் 1916ல் அன்னி பெசன்ட்டும் அவருடைய சகா அருண்டேலும் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. அலகாபாத் பக்கம் மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, பாஜ்பாய் மூவரும் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பின் பெயரில் தனிச் சாரணர் சங்கம் நடத்தினார்கள். 1921ல் பேடன் பவல் வந்தபோது பெசன்ட்டின் சங்கம் அவர் இயக்கத்தோடு சேர்ந்தது, மற்றவர்கள் சேரவில்லை. 1950 நவம்பர் 7ல்தான் பாரத் சாரணர் அமைப்பு உருவானது, 1951 ஆகஸ்ட் 15ல் சாரணியரும் சேர்ந்தார்கள். சோபான் பெயர்கள் அந்த அகில இந்திய அமைப்பு வைத்தவை, எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே பெயர்தான். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் மலரில் எழுதலாமே, தப்பில்லை.

கயிறும்முடிச்சும்:
அண்ணன் வரலாறு சொல்லிவிட்டார், நான் ஸ்கார்ஃபுக்கு வருகிறேன். அது வெறும் அலங்காரம் இல்லை. முக்கோணத் துணி என்பதால் கை உடைந்தால் தூக்குக்கட்டு, காலில் அடிபட்டால் கட்டு. முதலுதவி வகுப்பில் இதைச் செய்து காட்டினால் வெயில் கேள்வி அதோடு நிற்கும். முனையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்து, அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த பிறகு அவிழ்க்கிற வழக்கமும் அந்த முதல் கையேட்டிலிருந்தே வருவது. எங்கள் படையில் எப்போதோ விட்டுவிட்டோம், நீங்களாவது திரும்பக் கொண்டுவாருங்கள்.

இடது கை விஷயத்தில் கவனம். கேடயம் பிடிக்கிற கை இடது, அதைக் கீழே வைத்துவிட்டு நீட்டினால் உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம் என்று ஆப்பிரிக்க அஷாந்தி வீரர்களைச் சொல்லி ஒரு கதை உண்டு. கதை என்றே எழுதுங்கள், பல விதமாகச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இடது கையை நீட்டினால் பாட்டி திட்டுவாள் இல்லையா, அதனால் புதுப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். சாரணருக்குச் சாரணர் கை குலுக்க மட்டும்தான் அது, வீட்டில் பிரசாதம் வாங்க வலது கைதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்.

தடக்குறிகளுக்கு, அதாவது பின்னால் வருகிறவர்களுக்காக வழியில் போட்டு வைக்கிற அடையாளங்களுக்கு, ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வட்டத்துக்குள் ஒரு புள்ளி போட்டால் "வீட்டுக்குப் போய்விட்டேன்". கென்யாவில் நியேரியில் உள்ள பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் இருக்கிறது. பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

முனைவீடு:
ரொம்ப நன்றி, இதுவே பாதி மலர். ஆனால் எங்கள் குழுவின் பழைய கதை யாரிடமும் ஒழுங்காக இல்லை, குழு நடப்புகளை எழுதி வைக்கிற லாக் புக் கூடப் பாதிதான் கிடைத்தது. அதற்கு என்ன வழி?

பழையகாக்கி:
மாவட்ட அலுவலகத்தில் பதிவுப் புத்தகம் இருக்கும், குழு பதிவான வருடமும் அப்போதைய படைத்தலைவர் யார் என்பதும் அதில் கிடைக்கலாம். பழைய போட்டோக்களில் முகத்தை விட ஸ்கார்ஃபைப் பாருங்கள். குழு நிறம் மாறியிருந்தால் எது முன்னால் எது பின்னால் என்று ஓரளவு பிரித்துவிடலாம், கறுப்பு வெள்ளையாக இருந்தால்தான் கஷ்டம். அப்புறம் பழைய பையன்களைத் தனித்தனியாகப் போய்க் கேட்காதீர்கள், ஆளுக்கொரு கதை வரும். ஒரு சாயங்காலம் எல்லாரையும் கேம்ப் ஃபயருக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தர் தப்பாகச் சொன்னால் இன்னொருத்தர் திருத்துவார், யார் எந்த முகாமில் சோற்றைக் கருக்கினார் என்பது வரை வெளியே வந்துவிடும். பக்கத்தில் ஒரு பையனை நோட்டோடு உட்காரவையுங்கள், போனில் ரெக்கார்டும் போட்டு வையுங்கள்.