லண்டன் ஆஃப்டர் மிட்நைட் (1927) முழுப் படம் எங்கயாவது இருக்கா? நெட்ல கெடச்சது என்னன்னே புரியல

ரீல்பெட்டி:
வணக்கம் மக்களே. பழைய ஹாலிவுட் ஹாரர் படங்களா தேடித்தேடி பார்த்துட்டு வரேன், டிராகுலா, ஃப்ராங்கன்ஸ்டைன் எல்லாம் முடிச்சாச்சு, இப்ப சைலண்ட் படம் பக்கம் வந்திருக்கேன். லான் சேனி நடிச்ச இந்தப் படத்தோட ஸ்டில்லு எங்க போனாலும் கண்ல படுது, உயரத் தொப்பி, வாய் நிறைய கூர் கூரா பல்லு, பிதுங்குன கண்ணு, டிஷர்ட்ல எல்லாம் போட்டு விக்கிறாங்க. சரி படத்தையே பார்த்துடலாம்னு தேடினா முக்கால் மணி நேரம் ஓடுற ஒன்னு கெடச்சுது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு உக்காந்தா, ஒரு ஆளு கூட அசைய மாட்டேங்கறான்! ஃபோட்டோவ வச்சு கேமராவ இப்படியும் அப்படியும் நகட்டுறாங்க, நடுவுல எழுத்து போடுறாங்க, மியூசிக் ஓடுது, அவ்ளோதான். இதான் படமா? இல்ல ஒரிஜினல் வேற இருக்கா? இன்னொன்னு, ஒரு குரூப்ல ஒருத்தர் தன்கிட்ட ஒரிஜினல் பிரிண்ட்ல இருந்து ஸ்கேன் பண்ணது முழுசா இருக்கு, முன்பணம் போட்டா லிங்க் அனுப்புறேன்னு சொல்றாரு. நம்பலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டூரிங்டாக்கீஸ்:
தம்பி, மொதல்ல அந்த ஆளுக்கு ஒத்த ரூபா அனுப்பாதீங்க, மீதிய அப்புறம் பேசலாம். அந்தப் படத்தோட பிரிண்ட் இன்னைக்கு உலகத்துல எந்த ஆர்கைவ்லயும் கெடையாது. உண்மையிலேயே எவன்கிட்டயாவது இருந்தா அவன் குரூப்ல வந்து லிங்க் வித்துட்டு இருக்க மாட்டான். 2014ல இந்தப் படத்தோட ஒரே ஒரு போஸ்டர் ஏலத்துல 4,78,000 டாலருக்குப் போச்சு. காகிதத்துக்கே அந்த வெலன்னா ரீலுக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. லான் சேனி ரசிகர்கள ஏமாத்துறது காலங்காலமா நடக்குற வேலை, அப்பப்ப எவனாவது வந்து எங்க மாமா கலெக்ஷன்ல இருக்குன்னு கதை விடுவான், காட்டுன்னு கேட்டா காணாமப் போயிடுவான்.

நீங்க பார்த்தது டிசிஎம் சேனலுக்காக ரிக் ஷ்மிட்லின்னு ஒருத்தர் 2002ல பண்ணது. படம் போயிடுச்சு, ஆனா ஷூட்டிங்ல எடுத்த ஸ்டில்லும் கதை வசனக் குறிப்பும் தப்பிச்சுது, அத வரிசையா அடுக்கி ஒப்பேத்துனாரு. இதே மனுஷன்தான் 1999ல ஸ்ட்ரோஹைம்ங்கற டைரக்டரோட கிரீட் (1924) படத்தையும் இதே முறையில நாலு மணி நேரத்துக்கு கட்டி எழுப்புனாரு. கிரீட்ல பாதிக்கு மேல நிஜ படம் இருக்குறதால அது பார்க்க நல்லாவே இருக்கும். இதுல வெறும் ஸ்டில்லு மட்டும்தாங்கறதால உங்களுக்கு அப்படி இருந்திருக்கு.

நைட்ரேட்நாயகன்:
டூரிங் அண்ணன் சொன்னதோட சேர்த்துக்குங்க, கடைசியா இருந்த காப்பி எப்படிப் போச்சுன்னு. 1965 ஆகஸ்ட் 10, கலிஃபோர்னியா கல்வர் சிட்டியில இந்தப் படத்த எடுத்த எம்ஜிஎம் ஸ்டூடியோவோட 7ஆம் நம்பர் வால்ட், அதாவது ஃபிலிம் அடுக்கி வைக்கிற ரூம், கரண்ட் ஷார்ட் சர்க்யூட்ல தீப்பிடிச்சு உள்ள இருந்த மொத்தமும் வெடிச்சுது, ஒருத்தர் செத்தும் போனாரு. நெறைய இடத்துல 1967ன்னு போட்டிருப்பாங்க, அத கண்டுக்காதீங்க. அந்த வால்ட்ல தீயணைக்க தண்ணி வசதி எதுவும் கெடையாது, காத்துக்குன்னு கூரையில சின்னதா ஒரு ஃபேன், அவ்ளோதான் பாதுகாப்பு. எம்ஜிஎம்மோட சைலண்ட் படமும் ஆரம்ப கால பேசும் படமுமா நூத்துக்கணக்குல அதோட ஒழிஞ்சுது. கிரெட்டா கார்போ நடிச்ச தி டிவைன் உமன் (1928) முழுசா போயிடுச்சு, ரஷ்யா ஆர்கைவ்ல இருந்து ஒரே ஒரு ரீல் மட்டும் வெளிய வந்துச்சு, ஒம்போது நிமிஷம் வரும்.

அப்ப ஃபிலிம் எல்லாம் செல்லுலோஸ் நைட்ரேட். பஞ்சுல இருந்து வெடிமருந்து பண்ணுவாங்கல்ல, அதோட பங்காளிதான் இது. பத்திக்கிச்சுன்னா அதுக்கு வேண்டிய ஆக்சிஜன அதுவே விட்டுக்கும், தண்ணிக்குள்ள முக்குனாலும் எரியும். எரியலேன்னாலும் டப்பாவுக்குள்ளயே கெட்டுப்போகும், மொதல்ல படம் மங்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டும், கடைசியில டப்பாவத் தெறந்தா காவி நெறத்துல பொடிதான் இருக்கும். 1950கள் ஆரம்பத்துலதான் கோடாக் நைட்ரேட்ட நிறுத்துனாங்க.

எங்க தாத்தா டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவரு, அந்தக் காலத்து ஆபரேட்டர் ரூம்ல படம் போடுற ஓட்டைக்கு மேல இரும்புத் தகடு கட்டித் தொங்க விட்டிருப்பாங்களாம், உள்ள தீப்பிடிச்சா கட்டு உருகி தகடு டமார்னு விழுந்து ஓட்டைய மூடிடும். ஹால்ல இருக்குற ஜனம் பொழைச்சுக்கும், உள்ள மாட்டுன ஆபரேட்டர் கதி? அவரு கதவ ஒட்டித்தான் ஸ்டூல் போட்டு உக்காருவாராம்.

மேட்னிமல்லிகா:
தீ தீன்னு சொல்லிட்டு இருந்தா ஸ்டூடியோக்காரங்க பாவம்னு தோணிடும், அதனால இதையும் சொல்லிடறேன். பாதி படம் தீயில போகல, அவங்களே அழிச்சாங்க. பேசும் படம் வந்த பிறகு சைலண்ட் படத்துக்கு பைசா பேறாது, எடுத்து வைக்க வாடகை, தீ பயம், இன்ஷூரன்ஸ். ஃபிலிம்ல வெள்ளி இருக்கும், உருக்கி எடுத்தா காசு. யூனிவர்சல் 1948ல கையில மிச்சமிருந்த சைலண்ட் படங்கள தானே அழிச்சுது. ஃபாக்ஸ் கதை வேற, நியூ ஜெர்சியில லிட்டில் ஃபெர்ரிங்கற ஊர்ல வச்சிருந்த ஸ்டோர் 1937 ஜூலை வெயில்ல தானா பத்திக்கிட்டு அவங்க பழைய படம் முக்கால்வாசிய முழுங்கிடுச்சு. தீடா பாரான்னு ஒருத்தி, அவ காலத்துல பெரிய ஸ்டாரு, நாப்பது படம் கிட்ட நடிச்சா, இன்னைக்கு முழுசா இருக்குறத விரல் விட்டு எண்ணிடலாம். 1917 க்ளியோபாட்ரால சில நொடிதான் மிச்சம். தன் முகம் இப்படி காணாமப் போனத அவ உயிரோட இருக்கும்போதே பார்த்தா, 1955லதான் செத்தா.

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டுது. 1912ல இருந்து 1929 வரைக்கும் வந்த அமெரிக்க முழுநீள சைலண்ட் படம் கிட்டத்தட்ட 11,000. அதுல முதல்ல வந்த அதே வடிவத்துல முழுசா இருக்குறது 14 சதவீதம். அடியோட போனது 70 சதவீதம். நாம வெளியூர்க்காரன சொல்லி என்ன, நம்ம முதல் பேசும் படம் காளிதாஸ் (1931) பிரிண்ட்டே இல்ல, அத விடுங்க, இந்த இழைல அது வேண்டாம்.

இப்ப திட்டு வாங்கப் போறேன்னு தெரிஞ்சே சொல்றேன். லண்டன் ஆஃப்டர் மிட்நைட் ஒன்னும் பிரமாதமான படம் இல்ல. தீக்கு முன்னாடி 1950கள்ல பார்த்த சினிமா வரலாற்று ஆளுங்க, வில்லியம் எவர்சன் மாதிரி ஆளுங்களே, ரீமேக் இதவிட நல்லாயிருக்குன்னுதான் சொன்னாங்க. கடைசியில பார்த்தா அந்த வாம்பயரே போலி, போலீஸ்காரன் கொலைகாரன பிடிக்க போட்ட வேஷம், அம்புட்டுதான் கதை. காணாமப் போனதாலதான் இத்தனை மவுசு. இருந்திருந்தா சேனி படங்கள்ல நடுத்தரம்னு நாலு வரி எழுதிட்டு போயிருப்பாங்க.

ரீல்பெட்டி:
மல்லிகாக்கா கதைய ஒடைச்சிட்டீங்களே!! சரி பார்க்கவே முடியாத படத்துக்கு ஸ்பாய்லர் என்ன வேண்டிக் கெடக்கு. ரீமேக் எது?

மேட்னிமல்லிகா:
மார்க் ஆஃப் தி வாம்பயர், 1935. லண்டன் ஆஃப்டர் மிட்நைட் எடுத்த அதே டாட் பிரவுனிங் டைரக்ஷன். சேனி ஒத்த ஆளா பண்ண ரெண்டு வேஷத்த இதுல லயனல் பாரிமோருக்கும் பெலா லுகோசிக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. சுமாரா ஒரு மணி நேரந்தான், பனியும் சிலந்தி வலையுமா ஃபோட்டோகிராஃபி சூப்பரா இருக்கும். லுகோசி கடைசி சீன் வரைக்கும் வாயே தெறக்க மாட்டாரு, தெறந்து பேசும்போது செம காமெடி. அத சொல்ல மாட்டேன், போதுமா?

டூரிங்டாக்கீஸ்:
மல்லிகா சொல்றது பாதி சரி. கதை சாதாரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா சேனிய பார்க்கத்தான் அந்தப் படம் வேணும். அவரோட அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேட்காது, பேச்சும் கெடையாது, சின்ன வயசுலயே முகத்தாலயும் கையாலயும் பேசி வளர்ந்த ஆளு. மேக்கப் எல்லாம் அவரே போட்டுக்குவாரு. அந்த வேஷத்துக்கு கண்ண சுத்தி மெல்லிசா கம்பி வளையம், வாய இழுத்துப் பிடிக்கிற பல் செட்டு, ரொம்ப நேரம் போட்டிருக்க முடியாதுன்னு சொல்லுவாங்க. ஸ்டில்லுல நீங்க பார்க்குறது ஒரு நொடி. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆளு எப்படி நடந்தான், குனிஞ்சு ஓடுனான், அத ஸ்டில்லு சொல்லாது. 1930ல ஒரே ஒரு பேசும் படம் பண்ணிட்டு போய்ச் சேர்ந்துட்டாரு.

தம்பி, நீங்க தி அன்நோன் (1927) பார்த்தாச்சா? இல்லேன்னா அதுதான் இன்னைக்கே பார்க்க வேண்டியது. அதே வருஷம், அதே பிரவுனிங், அதே சேனி. கை இல்லாதவன் மாதிரி நடிச்சு சர்க்கஸ்ல காலால கத்தி வீசுறவன், கூட வேலை பார்க்குற பொண்ண அடிமனசுல வச்சிருக்கான், அது வேற யாரும் இல்ல, சின்னப் பொண்ணா ஜோன் கிராஃபர்ட். அவளுக்கு ஆம்பளை கை தன்மேல பட்டாலே அருவருப்பு. இதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னா பாவம். இந்தப் படமும் ஒரு காலத்துல காணாமப் போனதுதான், 1968ல பாரிஸ் சினிமாதெக்ங்கற ஃபிலிம் ஆர்கைவ்ல கெடச்சுது. அவ்வளவு லேட்டானதுக்கு காரணம் கேட்டா சிரிப்பீங்க, அங்க என்ன படம்னே தெரியாத டப்பா நூத்துக்கணக்குல இருந்துச்சு, எல்லாத்து மேலயும் தெரியாததுன்னு எழுதி வச்சிருந்தாங்க. இந்தப் படத்தோட பேரும் அதுவேதான்!

நைட்ரேட்நாயகன்:
ஹாஹா அது எனக்குப் பிடிச்ச கதை அண்ணே.

ரீல்பெட்டி, நீங்க நம்பிக்கைய விட வேண்டியதில்ல. டப்பா எங்க இருந்து வேணா கெளம்பும். கனடா யூகான்ல டாசன் சிட்டின்னு தங்கம் தோண்டுன ஊரு, படம் ஊர் ஊரா சுத்தி கடைசியா அங்கதான் வந்து சேரும். திருப்பி அனுப்புற செலவுக்கு படம் பெறாதுன்னு கம்பெனிக்காரன் அங்கயே வச்சுக்கன்னுட்டான். சேர்ந்து போச்சு, 1929ல மூடப்போற நீச்சல் குளத்துக்குள்ள போட்டு மண்ணத் தள்ளி மேல ஐஸ் ஹாக்கி மைதானம் போட்டுட்டாங்க. 1978ல கட்டட வேலைக்கு தோண்டுறாங்க, ரீல் ரீலா வருது. 533 ரீல். மண்ணுக்குள்ள எப்பவும் உறைபனி, அது அந்தப் படங்கள காப்பாத்திடுச்சு, ஓரத்துல மட்டும் ஈரம் ஏறி வெள்ளைத் திட்டா அலையும். பில் மாரிசன் 2016ல இத வச்சு டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்னு டாக்குமெண்டரி எடுத்தாரு, விடாதீங்க.

இதே கணக்குதான் நியூசிலாந்து, அதுவும் விநியோகத்துல கடைசி ஊரு. ஜான் ஃபோர்ட் எடுத்த அப்ஸ்ட்ரீம் (1927) அங்க இருந்துதான் 2009ல கெடச்சுது. வாலண்டினோவும் குளோரியா ஸ்வான்சனும் சேர்ந்து நடிச்ச ஒரே படம் பியாண்ட் தி ராக்ஸ் (1922), 2003ல நெதர்லாந்துல ஒரு கலெக்டர் செத்தபிறகு அவர் டப்பாக்கள்ல இருந்து வந்துச்சு. அதனால யாரு கண்டா.

பக்கத்துசீட்டு:
எல்லாரும் சைலண்ட் படத்துலயே நிக்கிறீங்க, எனக்கு தூக்கம் கெடுக்குறது வேற. ஆர்சன் வெல்ஸோட தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ் (1942). அவரு 131 நிமிஷத்துக்கு வெட்டி வச்சாரு, படம் ஒன்னு எடுக்க பிரேசில் போயிட்டாரு. இங்க அமெரிக்காவுல பொமோனாங்கற ஊர்ல பிரிவியூ போட்டா ஜனம் சிரிச்சு வச்சுது, படத்த எடுத்த ஆர்கேஓ ஸ்டூடியோக்காரன் பயந்துட்டான். எடிட்டர் ராபர்ட் வைஸ் கையில குடுத்து வெட்டுனாங்க, முடிவ மாத்தி வேற ஆளுங்க சீன் எடுத்து ஒட்டுனாங்க, வெல்ஸ் அங்கிருந்து தந்தி மேல தந்தி அடிக்கிறாரு, எவன் கேட்டான். ரிலீஸ் ஆனது 88 நிமிஷம். மியூசிக் போட்ட பெர்னார்ட் ஹெர்மன் என் பேர எடுத்துடுன்னு சொல்லிட்டாரு. வெட்டுன நெகடிவ் எல்லாம் இடம் காலி பண்ணன்னு அழிச்சாச்சு. ஆனா வெல்ஸ் பார்க்கறதுக்குன்னு ஒரு பிரிண்ட் பிரேசிலுக்கு அனுப்புனாங்க!! அத இன்னைக்கும் அங்க தேடிட்டு இருக்காங்க. கெடைக்கும்னு மனசு சொல்லுது.

மேட்னிமல்லிகா:
அது நைட்ரேட் பிரிண்ட்டு, ரியோவோட புழுக்கத்துல எண்பது வருஷம். டாசன்ல உறைபனி, அங்க வேர்வை. கெடைச்சா என் தலைய மொட்டை அடிச்சுக்கறேன்.

பக்கத்துசீட்டு:
எழுதி வச்சுக்குங்க மக்களே, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

ரீல்பெட்டி:
அந்த குரூப் ஆளுகிட்ட சும்மா ஒரே ஒரு ஃப்ரேம் காட்டுங்கன்னு கேட்டேன், பிளாக் பண்ணிட்டாரு 😂 ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராத்திரிக்கு தி அன்நோன் போடறேன். நெட்ல நெறைய காப்பி கெடக்கு, எது நல்ல காப்பி?

டூரிங்டாக்கீஸ்:
நிமிஷத்த பாருங்க. ஐம்பதுக்கு பக்கத்துல முடிஞ்சுட்டா அது பழைய, துண்டு விழுந்த பிரிண்ட். 2022ல ஜார்ஜ் ஈஸ்ட்மேன் மியூசியம் செக் நாட்டு பிரிண்ட்ல இருந்த சீன்களையும் சேர்த்து சரி பண்ணாங்க, சுமாரா பத்து நிமிஷம் கூடுச்சு, அத கிரைட்டீரியன்ங்கற டிஸ்க் கம்பெனி 2023ல வெளியிட்டாங்க, பிரவுனிங்கோட ஃப்ரீக்ஸும் அதே செட்ல இருக்கு. ஒரு மணி நேரத்த தாண்டி ஓடுனா அந்த காப்பிதான். பார்த்துட்டு அந்த டாக்டர் சீன் பத்தி வந்து எழுதுங்க, ஆனா மேல ஸ்பாய்லர்னு போட்டுட்டு, மல்லிகா மாதிரி பண்ணாதீங்க.