கட்டுரைத் தொகுப்பில் இயல் தலைப்புகளையும் உள்தலைப்புகளையும் ரைட்டரில் நிர்வகிப்பது எப்படி?

கேள்வி – ஏட்டுக்கட்டு

வணக்கம். பலர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து, லிப்ரேஆபிஸ் ரைட்டரில் ஒரே கோப்பாக நூலொன்றைத் தயாரித்து வருகிறேன். கட்டுரையாளர்கள் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கியும் எழுத்தளவைக் கூட்டியும் அனுப்பியிருப்பதால், இயல் தலைப்பு எது, உள்தலைப்பு எது என்பது மென்பொருளுக்குத் தெரிவதில்லை. வரிசை இன்னும் முடிவாகவில்லை. ஒரு கட்டுரையை இடம் மாற்றினால் பொருளடக்கத்தையும் பக்கத்தின் மேலே வரும் தலைப்பையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. சில தலைப்புகள் இரண்டு வரி நீளமுடையவை. ஒவ்வொரு கட்டுரையையும் தனிக் கோப்பாக்கி, மாஸ்டர் டாகுமெண்ட் வழியாக இணைத்தால் இச்சிக்கல் தீருமா?

மறுமொழி – மெய்ப்புநோக்கி

தீராது. தனிக் கோப்புகளாக்கினால் எல்லாவற்றிலும் ஒரே பாணிகளைப் (ஸ்டைல்: பத்தியின் எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றை ஒரு பெயரில் சேமித்த அமைப்பு) பேண வேண்டிய வேலைதான் கூடும். ஒவ்வொரு இயல் தலைப்பிலும் சுட்டியை வைத்து கண்ட்ரோல் 1 அழுத்தினால் ஹெட்டிங் 1 பாணியும், உள்தலைப்பில் கண்ட்ரோல் 2 அழுத்தினால் ஹெட்டிங் 2 பாணியும் அமையும். பிறகு தலைப்பைத் தெரிவுசெய்து கண்ட்ரோல் எம் அழுத்தினால், கையால் இட்ட தடிப்பும் அளவும் நீங்கி, பாணியின் வடிவம் மட்டுமே நிற்கும். தலைப்புக்குள் சாய்வெழுத்தில் நூற்பெயர் இருந்தால் அதுவும் நேராகிவிடும் என்பதால், அத்தகைய இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நூல்களில் பலரும் இடறுவது எழுத்துருவில்தான். பாணியைத் திருத்தும் சாளரத்தில் மேற்கத்திய எழுத்துருவுக்கு ஓர் இடமும், தமிழ் உள்ளிட்ட சிக்கலான எழுத்தமைப்பு மொழிகளுக்கு வேறோர் இடமும் உண்டு. முதலாவதில் எதை மாற்றினாலும் தமிழ்த் தலைப்பு அசைந்துகொடுக்காது. எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகிய மூன்றையும் இரண்டாவதில்தான் அமைக்க வேண்டும். அவ்விடம் தென்படவில்லையெனில், விருப்பங்களில் மொழிகள் பகுதிக்குச் சென்று அந்த வசதியை இயக்குங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் எஃப்5 அழுத்தி நேவிகேட்டரைத் திறந்தால் எல்லாத் தலைப்புகளும் படிநிலையோடு தெரியும். ஒரு தலைப்பை அங்கேயே மேலோ கீழோ இழுத்துவிட்டால், அதன் உள்தலைப்புகளும் முழு உரையும் கூடவே நகரும்.

மறுமொழி – அச்சுக்கோப்பு

பக்கத்தின் மேலே வரும் மேல்வரித் தலைப்பைத் தட்டச்சு செய்யாதீர்கள். கண்ட்ரோல் எஃப்2 வழியாகப் புலங்களை (ஃபீல்டு: தானே மாறிக்கொள்ளும் உரை) திறந்து, ஆவணப் பிரிவில் ஹெட்டிங் என்ற வகையை (பழைய பதிப்புகளில் சாப்டர்) முதல் நிலைக்கு இட்டால், அந்தந்த இயலின் தலைப்பு தானே வந்து நிற்கும். நீளமான தலைப்பில் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் விளக்கப் பகுதியைத் தனிப் பத்தியாக்கி, அதற்கென ஒரு பாணி கொடுங்கள்; ஹெட்டிங் 1இல் உள்ள சுருக்கமான பகுதி மட்டும் மேல்வரிக்குப் போகும். ஹெட்டிங் 1 பாணியிலேயே, தலைப்புக்கு முன் ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ என்னும் பக்கப் பாணியுடன் புதுப்பக்கம் தொடங்குமாறு அமைத்துவிட்டால், இயலின் முதற்பக்கத்தை மேல்வரி இல்லாமல் விடலாம்.

ஏட்டுக்கட்டு

மிக்க நன்றி. பொருளடக்கத்தில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் கட்டுரையாளர் பெயர் வர வேண்டும், உள்தலைப்புகள் வேண்டாம். இதற்கு வழி உண்டா? உள்தலைப்புகளுக்கு 3.1, 3.2 என எண்ணிட வேண்டுமா என்பதிலும் தயக்கம் இருக்கிறது.

மறுமொழி – மெய்ப்புநோக்கி

பெயர் வரிக்குத் தனிப் பாணி ஒன்றை உருவாக்குங்கள். பொருளடக்க அமைப்பில், எல்லாத் தலைப்பு நிலைகளையும் தானே சேர்க்கும் ‘அவுட்லைன்’ தெரிவை நீக்கிவிட்டு, கூடுதல் பாணிகள் என்பதில் ஹெட்டிங் 1ஐ முதல் நிலைக்கும் பெயர்ப் பாணியை இரண்டாம் நிலைக்கும் ஒதுக்கினால், ஹெட்டிங் 2 வெளியே நின்றுவிடும். இரண்டாம் நிலையின் பதிவமைப்பில் பக்க எண் குறியை நீக்கிவிட்டால், பெயருக்கு எதிரே எண் திரும்ப வராது. முன்னுரைக்கு எண்ணில்லாத தனித் தலைப்புப் பாணி வைத்து, அதையும் முதல் நிலையிலேயே சேர்க்கலாம்.

உள்தலைப்புகளுக்கு எண் வேண்டாம் என்பது என் கருத்து. பாடநூலிலும் சட்ட விளக்க நூலிலும் எண்ணைச் சுட்டிப் பேச வேண்டிய தேவை இருக்கிறது. பலர் பல நடையில் எழுதிய தொகுப்பில் அந்த எண்கள் வாசிப்பைத்தான் இடைமறிக்கும்.

மறுமொழி – அச்சுக்கோப்பு

எண் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுமாயின், பக்க எண் மாறினாலும் பிரிவு எண் உதவும். பதிப்பகத்தார் இன்டிசைனில் பக்கம் அமைப்பதாக இருந்தால், கோப்பை டாக்எக்ஸ் (வேர்ட்) வடிவில் கொடுங்கள். அங்கு இறக்கும்போது உங்கள் பாணிகளை அவர்களுடைய பாணிகளோடு இணைத்துக்கொள்ள வசதி உள்ளது. ஆகவே எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றில் இப்போதே பொழுதைச் செலவிடாமல், எந்தத் தலைப்பும் பாணியின்றி விடுபடாதிருப்பதை மட்டும் சரிபாருங்கள்.