லண்டன் கிளம்புற நம்ம ஏரியா பசங்களுக்கு: மளிகைச் செலவு பத்தி

தண்டையார்பேட்டையில இருந்து லண்டன் போய் ஏழு வருஷம் ஆச்சு. இப்ப லீவுக்கு வந்திருக்கேன். எதிர்வீட்டுத் தம்பி செப்டம்பர்ல படிக்கக் கிளம்புறான். நேத்து அவங்க அம்மா காட்டின லிஸ்ட்ல பத்து கிலோ பொன்னி அரிசி, ரெண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு கிலோ நெய். அவங்ககிட்ட சொன்னதையே இங்கயும் எழுதுறேன்.

அரிசி பருப்பைத் தூக்கிட்டுப் போகாதீங்க. ஈஸ்ட்ஹாம், வெம்ப்ளி, டூட்டிங் பக்கம் நம்மாளுங்க கடையில பொன்னி, இட்லி அரிசி, உளுந்து எல்லாம் கிடைக்குது. நெய், பால்கோவா, கறி வகை எதையும் இங்கிருந்து பிரிட்டனுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. அந்த எடைக்கு வீட்டுல அரைச்ச மிளகாய்த்தூள், குழம்புத்தூள், வத்தல் வைங்க. கூடவே ரெண்டு மஞ்சப்பை. அங்க கடையில ஒரு பைக்கு குறைஞ்சது 10 பென்ஸ் வாங்குறாங்க.

காசிமேட்டுல கூறு வச்ச மீனை எப்படி வாங்குவோம்? விலையைச் சொன்னதும் காசை நீட்ட மாட்டோம். மேல இருக்கிற ரெண்டு பெரிய மீனைத் தள்ளி, அடியில என்ன இருக்குன்னு பார்ப்போம். அதே கண்ணு அங்கயும் வேணும். ஷெல்ஃப்ல ஒட்டின சீட்டுல பெரிய எழுத்துல இருக்கிறது பாக்கெட் விலை. பக்கத்துலயே பொடி எழுத்துல கிலோவுக்கு எவ்வளவு, 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். பெரிய பாக்கெட்னா மலிவுன்னு நம்பிடாதீங்க, கிலோ கணக்குல சில தடவை சின்னதே மலிவா இருக்கும்.

பால், முட்டை, பிரெட், வெங்காயம், உருளைக்கு ஆல்டி, லிடில்னு மலிவு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போங்க. சீரகம், மஞ்சத்தூள், மல்லிக்கு நம்ம கடை. சூப்பர்மார்க்கெட்ல இதெல்லாம் சின்ன பாட்டில்ல விப்பாங்க, கட்டுப்படியாகாது. டெஸ்கோங்கிற சூப்பர்மார்க்கெட்ல பல பொருளுக்கு ரெண்டு விலை இருக்கும், குறைஞ்ச விலை அவங்க கிளப்கார்டு வச்சிருக்கிறவங்களுக்கு. கார்டு இலவசம், அங்க போய்ச் சேர்ந்த வாரமே எடுத்துடுங்க. தெருமுனைச் சின்ன கிளைகள்ல அதே பொருளுக்கே விலை கூட, அவசரத்துக்கு மட்டும் போங்க.

சாயங்காலம் போனா அன்னைக்குத் தள்ள வேண்டிய சரக்குல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைச்சிருப்பாங்க. ‘யூஸ் பை’ தேதி தாண்டினதைச் சாப்பிடவே கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினா ருசி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். பிரெட், பிஸ்கட்ல பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஷேரிங் வீட்டுல உங்களுக்குன்னு ஃபிரிட்ஜ்ல ஒரு தட்டு, ஃப்ரீசர்ல ஒரு டிராயர். அதுக்கு மேல மலிவுன்னு வாங்கினா அழுகும். முதல் மாசம் நான் மலிவா வாங்கின அஞ்சு கட்டு மல்லியில மூணு கறுத்து, தண்ணி விட்டுப் போச்சு. நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பிரிச்சுக்குங்க.

இன்னொண்ணு, இதைக் கட்டாயம் கேளுங்க. பவுண்டை ரூபாயில பெருக்காதீங்க. ரெண்டு மாசம் நான் தக்காளியைக் கையில எடுப்பேன், நூறுக்கு மேல பெருக்கிப் பார்ப்பேன், திரும்ப வச்சிடுவேன். நூடுல்ஸ், பிரெட்டுன்னே ஓட்டி உடம்பு விழுந்துடுச்சு. அன்னைக்கு அம்மாகிட்ட போன்ல ‘நல்லா சாப்பிடுறேன்’னு பொய் சொன்னது இன்னும் உறுத்துது. மாசம் சாப்பாட்டுக்கு இவ்வளவுன்னு பவுண்டுலயே ஒதுக்கிடுங்க, அதுக்குள்ள காய்கறி கண்டிப்பா இருக்கணும்.

மீன் இல்லாம நம்மால முடியாது. நம்ம கடை ஃப்ரீசர்ல மத்தி, நெத்திலி இருக்கும், வஞ்சிரத்தைவிட ரொம்ப மலிவு. ஆள் சேர்ந்தா கேனரி வார்ஃப் பக்கத்துல பில்லிங்ஸ்கேட் மார்க்கெட்டுக்கு விடியக்காலையில போங்க. ஞாயிறு, திங்கள் லீவு. பெட்டிக்கணக்குல விலை பேசி, வீட்டுக்கு வந்து பங்கு போட்டு, கழுவி, ஒரு வேளைக்கு ஒரு கவர்னு ஃப்ரீசர்ல அடுக்கிடுங்க.