‘ஜெ’யில் தொடங்கும் பெண் பெயர் சொல்லுங்கள்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். தங்கச்சிக்கு மூன்றாவதாகப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூத்தவர்கள் ஜெனிஷ், ஜெனிஷா. இவளுக்கும் ‘ஜெ’தான் வேண்டும் என்று அம்மா உறுதியாக நிற்கிறார்கள். நம் மாவட்டத்தில் இது புதிதில்லை. அஜின், அஜிஷ், அஜிதா என்று ஒரே வீட்டில் எத்தனை பேர்! கூப்பிடும்போதே ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிவது எனக்கும் பிடிக்கும்.

என் கவலை ஆவணங்களில்தான். எல்லாருக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தே இனிஷியல். மூத்த இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம். மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் இப்போதே மாறிப்போகிறது. அதனால் ‘ஜெனி’ என்று தொடங்காத பெயர் வேண்டும். பைபிளில் வரும் யோபுவின் மூத்த மகள் பெயரான ஜெமிமா தங்கச்சிக்குப் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நல்ல தமிழ்ப் பெயர் என்றால் ‘செ’தான் வழி: செல்வி, செண்பகம், செந்தாமரை. அம்மா சம்மதிக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதில் அவசரமில்லை. ஆனால் ஞானஸ்நானம் அடுத்த மாதம். அண்ணன்மாரே, அக்காமாரே, பெயர் சொல்லுங்கள். அப்புறம், ஒரே மாதிரிப் பெயர்களால் பள்ளியிலோ வங்கியிலோ சிக்கல் வந்தவர்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்றும் எழுதுங்கள்.