போத்தலில் நீர் வடியும் சோதனை: ஆறாம் படிப் போக்குக்கோட்டிலிருந்து பிள்ளைகளை எப்படி மீட்பது?

கேள்வி: கோப்பாய்க் கணிதம்

தரம் 12இல் கணித மாதிரியுருவாக்கத்தைச் செய்முறையோடு தொடங்க, 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் துளையிட்டு நீர் வடியவிடும் சோதனையை எடுத்திருக்கிறேன். 36 பிள்ளைகள், 9 கணினி, இணையம் இல்லை, இரண்டு பாடவேளை. விரிதாளில் அளவீட்டைப் போட்டதும் போக்குக்கோட்டை (புள்ளிகளுக்குப் பொருத்தும் கோட்டை) ஆறாம் படிப் பல்லுறுப்பிக்கு ஏற்றி, "ஆர் வர்க்கம் 0.999, சரி" என்று முடித்துவிடுகிறார்கள் (ஆர் வர்க்கம் 1ஐ நெருங்கினால் கோடு புள்ளிகளோடு நன்கு பொருந்துகிறது). குழுவுக்குக் குழு அளவீடும் பெரிதாக மாறுகிறது. எங்கே திருத்துவது?

பதில்: பௌதிகம் வடமராட்சி

வணக்கம் சேர். அளவீடு மாறுவதற்கு முதற் சந்தேகம் துளைமேல்தான். சூடாக்கிய ஆணியால் குத்தினால் பிளாஸ்ரிக் உருகி ஓரத்தில் விளிம்பு எழும்பும், அது போத்தலுக்குப் போத்தல் வேறு. 3 மி.மீ. டிரில் பிட்டைக் கையாலேயே திருகித் துளைத்து, பிசிறை பிளேட்டால் சீவுங்கள். விட்டத்தில் 10 வீதம் பிசகினால் பரப்பில் ஏறத்தாழ 20 வீதம் பிசகும்.

இடுப்பு ஒடுங்கிய போத்தல் வேண்டாம், பக்கம் நேராக இருக்கவேண்டும். வரைபுத்தாள் கீற்றின் பூச்சியத்தைத் துளையின் மையத்துக்கு நேரே வைத்து மேலே செலோரேப் ஒட்டுங்கள். மூடியைக் கழற்றியே வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் நின்று நின்று வரும்.

ஐந்து விநாடிக்கு ஒருதரம் உயரத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள். மட்டம் ஒவ்வொரு சென்ரிமீற்றர்க் கோட்டையும் கடக்கும் நேரத்தைக் குறிப்பது எவ்வளவோ இலகு. நால்வர் ஒரு குழு: ஒருவர் துளையில் விரல், ஒருவர் கோட்டுக்கு நேரே கண் வைத்துக் குரல் கொடுக்க, ஒருவர் நிறுத்தற் கடிகாரம், ஒருவர் எழுத. கடைசி 2 செ.மீ. அளவீட்டை விட்டுவிடலாம். அங்கே தாரை வலுவிழந்து போத்தல் சுவரோடு ஒட்டி வழியும், பரப்பிழுவிசை மேலோங்கும்.

பதில்: ஐ.சி.ரி. சாவகச்சேரி

போக்குக்கோட்டைத் தடைசெய்ய வேண்டாம், அதைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். ரொரிசெல்லியின் விதிப்படி வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். ஆகவே உயரத்தின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிராகக் கீறினால் நேர்கோடு வரவேண்டும். போத்தல் விட்டம் 9 செ.மீ., துளை 3 மி.மீ. என்றால் பரப்பு விகிதம் 1/900. 16 செ.மீ. நீர் வடிய வெறும் விதி 163 விநாடி என்கும். போத்தலோ ஏறத்தாழ 270 விநாடி எடுக்கும். தாரை துளையைத் தாண்டியதும் ஒடுங்குவதால் பரப்பு முழுதும் பயன்படுவதில்லை, வெளியேற்றக் குணகம் ஏறக்குறைய 0.6. இந்த 0.6ஐப் பிள்ளைகளே அந்த நேர்கோட்டின் படித்திறனிலிருந்து (சாய்விலிருந்து) எடுக்கட்டும். ஆறாம் படியின் ஏழு குணகங்களில் ஒன்றுக்காவது இப்படி ஒரு பொருள் சொல்லமுடியுமா என்று கேளுங்கள்.

இருபடிப் போக்குக்கோடு மட்டும் வேறு கதை. உயரம் உண்மையிலேயே நேரத்தின் நிறைவர்க்கம், எனவே தன்மைகாட்டி (b² − 4ac) பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டும். மேலுள்ள அளவுகளுக்குக் குணகங்கள் 0.000218, −0.118, 16. ஒரு பொறி உண்டு: வரைபில் முதற் குணகம் 0.0002 என்று சுருங்கித் தெரிந்தால் சோதனை பொய்த்துவிடும். சமன்பாட்டின் தசமதானத்தைக் கூட்டிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கோட்டை 600ஆம் விநாடிவரை நீட்டட்டும். வெறும் போத்தலில் 23 செ.மீ.க்கு மேல் நீர் ஏறிநிற்கும்! மாதிரியுருவின் ஆட்சி எங்கே முடிகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

பதில்: பைதன் நல்லூர்

இரண்டாம் பாடவேளைக்கு: ஒரு நிரலில் நேரம், 5 விநாடிப் படி. அடுத்த நிரலில் புதிய உயரம் = பழைய உயரம் − 0.0295 × பழைய உயரத்தின் வர்க்கமூலம் × 5. இந்த 0.0295 என்பது 0.6 × 1/900 × √(2 × 981), உயரம் செ.மீ.இல். அதைத் தனிக் கலத்தில் வைத்து டொலர் குறியால் பூட்டாவிட்டால், கீழே இழுக்கையில் அது வெற்றுக்கலத்துக்கு நகர்ந்து மட்டம் இறங்காமலே நிற்கும். முடிவில் உயரம் மறையாகி எண் வழு வரும். மேக்ஸ் சார்பால் பூச்சியத்தில் நிறுத்துங்கள். படியை 30 விநாடியாக்கினால் போத்தல் முந்தியே காலியாகும், ஏனென்றால் தொடக்க வேகமே படி முழுவதற்கும் எடுக்கப்படுகிறது.

பைதனுக்கு மாற்றும்போது மாத் (math) தொகுதியின் வர்க்கமூலச் சார்பையே பாவிக்கச் சொல்லுங்கள். மறை எண் வந்தால் அது வழு காட்டி நிற்கும். 0.5ஆம் அடுக்கு என்று எழுதினால் சத்தமில்லாமல் சிக்கலெண்ணைத் தந்துவிடும்.

நேரம் மிஞ்சினால் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைக் கொடுங்கள். குழாய்வாய் தாங்கியின் அடியிலிருந்து 3 மீற்றர் கீழே, தாங்கியில் 1 மீற்றர் நீர் என்றால், நிறைந்திருக்கையில் உள்ள வேகம் காலியாகும்போது 13 வீதந்தான் குறையும். அந்த வரைபு ஏறத்தாழ நேர்கோடாகவே இறங்கும். ஏன் என்பதை எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம்.