இத்தாலியோட சியேனா ஊர்ல பேங்க் அறக்கட்டளையோட சொத்து அழிஞ்சதுக்கு ஊர் அரசியல்தான் காரணமா?

கணக்குப்பிள்ளை:
இத்தாலில பேங்க்ல இருந்து பிரிஞ்சு வந்த அறக்கட்டளைங்க 80க்கு மேல இருக்கு, எல்லாம் சேர்த்து சொத்து மட்டும் சுமார் 4000 கோடி யூரோ. பின்னணி தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அங்க பழைய சேமிப்பு வங்கிங்களுக்கு பங்குதாரர்னு யாரும் கிடையாது, ஊருக்குப் பொதுவா இருந்துச்சு, லாபத்துல ஒரு பகுதி தர்ம காரியத்துக்குப் போகும். 1990ல அமாட்டோ சட்டம் வந்து பேங்க் தொழிலைத் தனிக் கம்பெனியாக்கி அதோட ஷேரை அறக்கட்டளை கையில குடுத்துச்சு, அப்புறம் 1998-99ல வந்த சட்டம் பேங்க் மேல இருக்கற பிடியை விட்டுட்டு தர்மத்தை மட்டும் பாருங்கன்னு சொல்லிடுச்சு. மிலான்காரங்களும் டூரின்காரங்களும் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க, சியேனா விடவே இல்ல. 1472ல ஆரம்பிச்ச சியேனாவோட மோன்தே டெய் பாஸ்கி பேங்கை 2017ல அரசாங்கம் காப்பாத்த வேண்டியதாப் போச்சு, அதுக்கு முன்னாடியே அறக்கட்டளையோட சொத்து கரைஞ்சு போச்சு. இதுக்கு ஒரே காரணம்தான்னு நான் சொல்றேன். அறக்கட்டளையோட பொதுக்குழுல இருந்த 16 பேர்ல 8 பேரை நகராட்சியும் 5 பேரை மாகாண நிர்வாகமும் நியமிச்சாங்க. அரசியல்வாதி கையில தர்மப் பணத்தைக் குடுத்தா வேற என்ன நடக்கும்?

கீழைக்காற்று:
அண்ணே, ஒத்துக்க மாட்டேன். அந்தப் பணம் யாருது? சியேனா ஜனங்க அஞ்சு நூத்தாண்டா போட்டு வளர்த்தது. அதை நிர்வாகம் பண்றவங்களை ஊர் ஓட்டுப் போட்ட ஆளுங்க நியமிக்கக் கூடாதுன்னா யாரு நியமிக்கணும்? உள்ள இருக்கறவங்களே அடுத்த ஆளைப் பொறுக்கி எடுத்துக்கறதா? அப்படி ஒரு பெரிய மனுசங்க கூட்டம் உக்காந்துட்டா அவங்களைக் கேள்வி கேக்கவே ஆளிருக்காது. அரசியல்வாதின்னாலே கெட்டுடும்னா மிலான்ல இருக்கற கரிப்ளோ அறக்கட்டளையைப் பாருங்க. 1997ல இருந்து 2019 வரைக்கும் அதுக்குத் தலைவரா இருந்த ஜுசெப்பே குசெத்தி, லொம்பார்தியா மாநிலத்துக்கே தலைவரா இருந்த முழு அரசியல்வாதி. ஆனா குறைஞ்ச வாடகை வீட்டுத் திட்டத்துல ஆரம்பிச்சு எவ்வளவோ உருப்படியா செஞ்சாங்க, சொத்தும் பத்திரமா இருந்துச்சு. சியேனால சொத்து மொத்தமும் ஒரே பேங்க் ஷேர்ல மாட்டிக்கிச்சு, நோய் அதுதான்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஷேரை ஏன் விக்கலன்னு யோசிங்க! வித்தா பேங்க் ஊர் கையை விட்டுப் போயிடும்னு எந்த மேயரும் அதைத் தொடத் துணியல. 2007 நவம்பர்ல மோன்தே பேங்க் 900 கோடி யூரோவுக்கு அன்டோன்வெனெட்டாங்கற இன்னொரு பேங்கை வாங்குது, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஸ்பெயினோட சான்டாண்டர் பேங்க் அதே பேங்குக்கு 660 கோடின்னு கணக்கு போட்டு எடுத்திருந்தாங்க. இவ்வளவு வித்தியாசம் ஏன்னு கேக்க வேண்டிய பெரிய பங்குதாரர் அறக்கட்டளைதானே, அவங்க கேக்கல, தலையாட்டினாங்க. அடுத்த வருசம் பேங்க் புது ஷேர் வெளியிட்டப்ப கையிருப்பைக் கொட்டினாங்க. 2011ல கையில காசு இல்லாம சுமார் 60 கோடி யூரோ கடன் வாங்கி மறுபடியும் அதே பேங்க் ஷேரை வாங்கினாங்க. பசிச்சவனுக்குச் சோறு போட வச்சிருந்த நெல்லை அடகு வச்சு மிராசுப் பட்டத்தைக் காப்பாத்தின மாதிரி இருக்கு. 2014 வாக்குல அவங்க பங்கு வெறும் 2.5 சதவீதத்துக்கு வந்துருச்சு.

மலர்விழி_தி:
ரெண்டு பேருமே யாரு நாற்காலில உக்காரணும்னே பேசிட்டு இருக்கீங்க, பணம் போய்ச் சேர வேண்டிய ஆளைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே. நான் தொண்டு நிறுவனத்துல வேலை பாக்கறவ, மானியம் குடுக்கறவங்க திடீர்னு கையை விரிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். சியேனால பழைய ஆஸ்பத்திரிக் கட்டடப் புதுப்பிப்பு, இசைப் பள்ளி, விளையாட்டு, பல்கலைக்கழகம்னு எல்லாமே அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்துச்சு. சியேனா பயோடெக்னு அறக்கட்டளையே காசு போட்டு நடத்தின மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி இருந்துச்சு, பணம் நின்னதும் மூடிட்டாங்க, அங்க வேலை பாத்த விஞ்ஞானிங்க தெருவுக்கு வந்தாங்க. அதனால என்னைக் கேட்டா அறக்கட்டளையோட முதல் கடமையே வருசா வருசம் தர்மம் தடையில்லாம நடக்கற மாதிரி சொத்தைப் பாத்துக்கறதுதான், பேங்குக்கு யாரு சேர்மன்ங்கறது அவங்க வேலையே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. சேமிப்பு வங்கிங்க எங்க செழிப்பா இருந்துச்சோ அங்கதான் அறக்கட்டளையும் செழிப்பா இருக்கு, அதாவது வடக்குலயும் நடு இத்தாலியிலயும். கீழைக்காற்று சொல்ற மாதிரி ஊர்ப்பணம் ஊருக்கேன்னு விட்டா தெற்குல கலாப்ரியாவுல பொறந்த குழந்தைக்கு ஒண்ணுமே வராது. 2006ல இந்த அறக்கட்டளைங்க சேர்ந்து தெற்குக்குன்னே ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க, 2016ல குழந்தைங்களோட கல்வி வறுமைக்குன்னு அரசாங்கத்தோட வரிச்சலுகையில நாடு முழுக்க ஒரு நிதி வச்சாங்க. ரெண்டுமே எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா தேவையோட வச்சுப் பாத்தா ரொம்பக் கம்மி.

கீழைக்காற்று:
அக்கா, தெற்கு விஷயத்துல உங்க கூட நான் சண்டை போடல. ஆனா ஊர்ப்பிடிப்பே இல்லாம போனா கொஞ்ச வருசத்துல ரோம்ல இருக்கற மந்திரி அந்தப் பணத்துல கை வைப்பாரு. 2001ல நிதி மந்திரி த்ரெமோன்டி கொண்டு வந்த சட்டம் இந்த அறக்கட்டளைங்க எப்படி நடக்கணும்ங்கறதையே மேல இருந்து மாத்தப் பாத்துச்சு. 2003ல அரசியல் சாசன கோர்ட்டு 300, 301ங்கற ரெண்டு தீர்ப்புல இதுங்க தனியார் சட்டத்துக்குக் கீழ வர்ற, சமூகத்தோட சுதந்திரமான அமைப்புங்கன்னு தெளிவா சொல்லி அதுல முக்கியமான பகுதிகளை அடிச்சுட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அதே தீர்ப்பை முழுசாப் படிங்க. குழுல உள்ளாட்சி ஆளுங்களுக்கே பெரும்பான்மை குடுக்கணும்னு த்ரெமோன்டி சட்டத்துல இருந்ததையும் சேர்த்துத்தான் கோர்ட்டு தூக்குச்சு. ஊர்ல இருக்கற மத்த அமைப்புங்களுக்கும் இடம் வேணும்ங்கறதுதானே அதோட அர்த்தம்? நியமிக்கப்பட்டவர் தன்னை நியமிச்சவரோட பிரதிநிதி இல்லன்னு 1999 சட்டத்துலயே இருக்கு, சியேனால அது ஏட்டோட நின்னுச்சு.

மலர்விழி_தி:
2015 ஏப்ரல்ல நிதி அமைச்சகத்தோட போட்ட உடன்படிக்கையை ரெண்டு பேருமே எடுக்கலையே. ஒரே கம்பெனில சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வைக்கக் கூடாது, கடன் வாங்கக் கூடாது, பதவி 4 வருசம், தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல கிடையாதுன்னு அதுல எழுதியிருந்தாங்க. இந்த மூணும் 2007ல இருந்திருந்தா சியேனா இந்த நிலைக்கு வந்திருக்காது, மேயர் யாரை நியமிச்சிருந்தாலும் சரி. என்னோட கவலை வேற, அது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்ல, பேசி வச்சுக்கிட்ட உடன்படிக்கைதான்.

கணக்குப்பிள்ளை:
அதைச் சட்டமாக்கணும்னா நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா நகராட்சி நியமனம் பாதிக்குக் கீழ இருக்கணும்னும் அதுல எழுதணும்.

கீழைக்காற்று:
அந்த ஒரு வரிக்கு நான் போட மாட்டேன் அண்ணே. மூணுல ஒரு பங்குங்கறதை மட்டும் சட்டமாக்குங்க, முதல் ஆளா நான் வர்றேன்.