அறிவு பிறவியிலா, வளர்ப்பிலா?

கேள்வி: தாராவியில் தொண்ணூறு அடி சாலைப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். இட்லி விற்கும் அக்காவின் மகள் பின்னக் கணக்கை மனசுக்குள்ளேயே போடுகிறாள். "ரத்தத்தில் இருக்கணும்" என்கிறார் சக ஆசிரியர். அப்போ மற்ற பிள்ளைகள்? எனக்கு ஒப்பவில்லை.

பதில்: ரத்தமும் உண்டுங்க. பிறந்ததும் பிரிந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையரை அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆராய்ந்தார்கள். ஆளுக்கு ஆள் ஐக்யூ (அறிவுத்திறன் மதிப்பெண்) வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் மரபு சார்ந்தது என்றது 1990இல் வந்த கட்டுரை.

பதில்: அதில் கொடும் வறுமையில் வளர்ந்தவர்கள் மிகக் குறைவு சார். உளவியலாளர் டர்க்ஹைமர் குழு 2003இல் அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் 7 வயது இரட்டையரைப் பார்த்தபோது மரபின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். சுமார் 60 சதவீதம் வீட்டுச் சூழல்! வசதியான வீடுகளில் ஏறக்குறைய நேர்மாறு.

கேட்டவர்: சரி, நன்றி. டியூஷன் அறையை இனி ராத்திரி பத்து மணி வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து வைக்கிறேன்.